அப்பா, பிதாவே: ஒரே சொல் ஏன் இரண்டு முறை?

“பிதான்னாலே அப்பான்னுதானே சார் அர்த்தம்? அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை எழுதியிருக்காங்க?”

கேட்டவர் ஆரணிப் பக்கத்து முள்ளிப்பட்டில் பட்டுத்தறி போட்டிருக்கும் இளைஞர். டீக்கடைக்கு எதிரே நின்ற வேனின் பின்கண்ணாடியில் ‘அப்பா பிதாவே’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. பைபிள் வாசித்து வளர்ந்தவர் அல்லர் அவர். அதனால்தான் அவர் கண்ணில் அது பட்டது. ஞாயிறுதோறும் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு அது கேள்வியாகவே தோன்றுவதில்லை.

“உட்காருப்பா, டீ சொல்லிட்டு வரேன். இது கொஞ்சம் நேரம் ஆகும்” என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நம் பக்கத்துச் சபைகளில் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு தவறான விளக்கம் நெடுநாளாக உலவுகிறது. அதையும் சேர்த்துத் தெளிவுபடுத்த வேண்டும்.

முதலில் சொல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்கள். மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. மாற்குவில் அதைச் சொல்பவர் இயேசு. பிடிபடுவதற்குச் சற்று முன்பு, கெத்செமனே தோட்டத்தில், தனியாக ஜெபிக்கும்போது அப்படி அழைக்கிறார். மற்ற இரண்டும் பவுல் எழுதிய கடிதங்கள். விசுவாசிகள் கடவுளை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்கிறார் பவுல்.

புதிய ஏற்பாடு முழுவதும் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. இந்த மூன்று இடங்களிலும் கிரேக்கத்தில் இருப்பது ‘அப்பா ஹோ பத்தேர்’. ‘ஹோ பத்தேர்’ என்றால் கிரேக்கத்தில் தகப்பன். முன்னால் நிற்கும் ‘அப்பா’ கிரேக்கச் சொல்லே அல்ல. அது அரமேயம்.

“அது எந்த ஊர் பாஷை சார்?”

இயேசு வளர்ந்த கலிலேயாவில் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி அது. எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு. வேதத்தை எபிரேயத்தில் வாசிப்பார்கள். கேட்கிறவர்களுக்குப் புரியும்படி அரமேயத்தில் பெயர்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன பெயர்ப்புகள் பிற்காலத்தில் ‘தர்கூம்’ என்ற பெயரில் நூல்களாகவும் ஆயின. இயேசுவின் காலத்துக்கும் சில நூற்றாண்டுகள் முன்பு பாரசீகப் பேரரசு எகிப்து முதல் சிந்து நதி வரை பரந்து கிடந்தபோது, அதன் அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் அரமேயத்தில்தான் போயின. அந்தப் பழக்கம் நம் நாட்டு எல்லை வரை வந்திருக்கிறது. கந்தகாரில் 1958-இல் கண்டெடுத்த அசோகர் கல்வெட்டு கிரேக்கம், அரமேயம் என்ற இரண்டு மொழிகளில் இருக்கிறது. தட்சசீலத்திலும் அரமேயக் கல்வெட்டு கிடைத்தது. ஆக அசோகருடைய தர்மச் செய்தியைச் சுமந்த மொழிகளில் இதுவும் ஒன்று. இன்றும் சிரியாவின் மாலூலா போன்ற சில ஊர்களில் அரமேயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஏற்பாட்டிலேயே அரமேயப் பகுதிகள் உண்டு. தானியேல் 2:4 தொடங்கி ஏழாம் அதிகாரம் முடிய அரமேயம். எஸ்றாவில் அரசாங்கக் கடிதங்கள் வரும் இடங்கள் அரமேயம். எரேமியாவில் ஒரே ஒரு வசனம். ஆதியாகமத்தில் லாபான் ஒரு கற்குவியலுக்கு வைத்த பெயர் மட்டும். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், ஊர்ப்பெயர்களிலும் ஆட்களின் பெயர்களிலும் அரமேயம் நிறைந்து கிடக்கிறது. கெத்செமனே என்றால் எண்ணெய் ஆட்டும் இடம். கொல்கொதா என்றால் மண்டையோடு. மார்த்தாள் என்றால் எஜமானி. தோமா என்றால் இரட்டைப் பிள்ளை. சென்னையில் சாந்தோம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் ஓர் அரமேயப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இயேசு பேசிய சில சொற்களையும் மாற்கு அப்படியே அரமேயத்தில் விட்டிருக்கிறார். இறந்துபோன சிறுமியை எழுப்பும்போது சொன்ன ‘தலீத்தா கூமி’, காது கேளாதவரைக் குணமாக்கும்போது சொன்ன ‘எப்பத்தா’, சிலுவையில் எழுப்பிய கூக்குரல். இந்த இடங்களில் எல்லாம் மாற்கு நின்று, இதற்கு இன்னது அர்த்தம் என்று வாசகருக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். அவருடைய வாசகர்களுக்கு அரமேயம் தெரியாது.

கெத்செமனேயில் மட்டும் அந்த விளக்கம் இல்லை. ‘என்பதற்கு அர்த்தம்’ என்ற பேச்சே கிடையாது. அரமேயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒரே மூச்சில் சேர்ந்து வருகின்றன. அதே நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அரமேயச் சொல்லை விட்டுவிட்டு, கிரேக்கத்தில் ‘என் பிதாவே’ என்றும் ‘பிதாவே’ என்றும் மட்டும் எழுதினார்கள். மாற்கு இரண்டையும் வைத்துக்கொண்டார்.

அந்தச் சேர்க்கை எப்போதிருந்து இருக்கிறது என்பதற்குப் பவுல்தான் சாட்சி. மாற்குவின் நற்செய்தி எழுதப்படுவதற்கு முன்பே, கி.பி. 50-களில் அவருடைய அந்த இரண்டு கடிதங்களும் போய்விட்டன. ஒன்று இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் கலாத்தியாவுக்கு. இன்னொன்று ரோமாபுரிக்கு. இரண்டுமே கிரேக்கம் வாசிக்கும் சபைகள். ரோமாபுரிச் சபையைப் பவுல் அப்போது நேரில் பார்த்ததுகூட இல்லை. இருந்தும் ‘அப்பா’ என்ற சொல்லை விளக்கம் சொல்லாமல் எழுதுகிறார். அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. எருசலேமில் தொடங்கிய சிறு கூட்டத்தின் ஜெபச்சொல், மொழி தெரியாத ஊர்களுக்கும் அப்படியே போயிருக்கிறது. கிரேக்கம் பேசியவர்கள் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தங்கள் மொழிச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் வரும் ‘மாரநாதா’வும் அப்படி வந்ததுதான். ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கேரளத்துச் சிரியன் ஆயர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மார்’ என்ற பட்டமும் இதே வேர்.

ஆக, தம்பியின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். ஒரே பொருள்; இரண்டு மொழி. முதல் சொல் இயேசுவின் வாயிலிருந்து வந்த சொல். இரண்டாவது, அதைக் கேட்டவர்கள் தங்கள் மொழியில் சேர்த்த சொல்.

இதில் தமிழுக்கு ஒரு விசேஷம் நேர்ந்திருக்கிறது. ‘அப்பா’ என்பது அரமேயம் என்று தமிழ் வாசகருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அது நம் வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. ‘பிதா’ சமஸ்கிருதம். சமஸ்கிருதத்துப் பிதாவும் கிரேக்கத்துப் பத்தேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள். ஆங்கிலத்து ஃபாதரும் அந்த வழிதான். ஆகவே ‘அப்பா பிதாவே’ என்று நாம் சொல்லும்போது, கிரேக்க மூலத்தில் இருக்கும் இரண்டு சொற்களின் ஒலிக்கு வெகு அருகில் நிற்கிறோம். தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். பிறகு பெப்ரிசியுஸ், பிறகு 1871-இல் முழுமையாக வந்த பவர் ஐயரின் திருப்புதல். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஆரணியும் ஒன்று. இந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து வாசிப்பது பவர் ஐயர் திருப்புதலைத்தான். அதில் ‘அப்பா பிதாவே’. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘அப்பா, தந்தையே’ என்று வைத்திருக்கிறது. இரண்டாவது சொல் மாறியது. முதல் சொல்லில் எவரும் கை வைக்கவில்லை.

“அப்போ நம்ம அப்பாதான் அங்க போச்சா, இல்ல அங்கிருந்து இங்க வந்துச்சா?”

இரண்டும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு விதமாகவும் மேடைகளில் பேசுகிறார்கள். அரமேயச் சொல்லின் வேர் ‘அப்’ (ab). எபிரேயத்தில் ‘ஆவ்’, அரபியில் ‘அப்’, பழைய அக்காடியத்தில் ‘அபு’. எல்லாம் செமித்திய மொழிக் குடும்பத்துக்குள் பரம்பரையாக வந்தவை. அரமேயத்தில் பெயர்ச்சொல்லின் கடைசியில் ‘ஆ’ சேர்த்தால் ‘அந்த’ என்று சுட்டும் பொருள் வரும். அப் என்பது தகப்பன். அப்பா என்பது ‘அந்தத் தகப்பன்’. நம் அப்பாவோ திராவிடக் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் அப்பா, மலையாளத்தில் அப்பன். உச்சரிப்பும் ஒன்றல்ல. நாம் சொல்லும் ‘ப்பா’ வல்லினம். அரமேயத்தில் இருப்பது ‘கம்பம்’ என்ற சொல்லில் ம்-க்குப் பின் வருகிறதே அந்தப் ‘ப’. அதை இரட்டித்துச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகிறது.

பின் எப்படி ஒத்துப்போயிற்று? அரமேயத்தில் அம்மாவுக்குச் சொல் ‘இம்மா’. அதுவும் நமக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. குழந்தை முதலில் உதடு சேர்த்து எழுப்பும் ஒலிகள் ம, ப, ப-வின் மெல்லிய ஒலி. பெற்றவர்கள் அந்த ஒலிகளைத் தங்களைக் கூப்பிடும் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மொழிகளில்கூட இது நடக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. ஒலி பொது, யாருக்கு எது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே இந்த ஒற்றுமையை வைத்து யாரும் யாருக்கும் மூத்தவர் என்று நிறுவ முடியாது. அந்த வேலைக்கு இது சான்றாகாது.

வேர் வேறாக இருந்தாலும் புழக்கத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். எபிரேயத்தில் ‘என் தகப்பனே’ என்று சொல்ல ‘ஆவி’ என்பார்கள். கடைசி ‘ஈ’ ஓசைக்கு ‘என்’ என்று பொருள். தர்கூம்களில் அதே இடத்தில் ‘என்’ இல்லாமல் வெறும் ‘அப்பா’ வருகிறது. அந்தக் காலத்து அரமேயத்தில் ‘அப்பா’ என்றாலே ‘என் அப்பா’ என்றாகிவிட்டது. நம் வீட்டிலும் அதேதான். “அப்பா வீட்ல இல்லைங்க, ஆரணி போயிருக்கார்” என்று வாசலில் நின்று ஒருவர் சொன்னால், யாருடைய அப்பா என்று யாரும் கேட்பதில்லை. ‘என்’ சொல்லாமலே அது அவருடைய அப்பா. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று ஆளுக்கொரு சொல் இருந்தது. பேச்சுத் தமிழில் ‘அப்பா’ அந்த எந்தையின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் வழியாக இந்த வசனத்தைப் படிப்பவருக்கு இதை ஒரு பாராவில் விளக்க வேண்டும். தமிழருக்கு விளக்கவே வேண்டாம்.

இப்போது அந்தத் தவறான விளக்கத்துக்கு வருகிறேன். ‘அப்பா என்றால் டாடி. மூன்று வயதுப் பிள்ளை மழலையில் தகப்பனைக் கூப்பிடுவது போல இயேசு கடவுளைக் கூப்பிட்டார்’ என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். கேட்க உருக்கமாக இருக்கும். இது எங்கிருந்து வந்தது என்றால், யோவாக்கிம் எரேமியாஸ் என்ற ஜெர்மானிய அறிஞரிடமிருந்து. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இந்தச் சொல் பிறந்த இடம் குழந்தையின் மழலை என்று அவர் எழுதினார். இயேசு குழந்தைப் பேச்சைத்தான் பேசினார் என்று அவரே முடிவு கட்டவில்லை. அப்படி நினைப்பது பேதைமை என்று பிறகு எச்சரித்தும் இருக்கிறார். ஆனால் எச்சரிக்கை புத்தகத்திலேயே தங்கிவிட்டது. ‘டாடி’ மட்டும் மேடையேறி உலகம் சுற்றியது. இன்று இஸ்ரேலில் பிள்ளைகள் தகப்பனை ‘அப்பா’ என்றே கூப்பிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இந்தக் கதைக்குத் துணை போனார்கள். 1988-இல் ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர், ‘அப்பா’ என்றால் டாடி அல்ல என்பதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கிரேக்கத்தில் குழந்தைகள் தகப்பனைக் கொஞ்சிக் கூப்பிட ‘பப்பாஸ்’ என்று தனிச்சொல் இருந்தது. ‘அப்பா’ மழலையாக இருந்திருந்தால் பவுலும் மாற்குவும் அதைப் பக்கத்தில் போட்டிருக்கலாம். மூன்று இடங்களிலும் போட்டது ‘ஹோ பத்தேர்’, பெரியவர்களும் சிறியவர்களும் எல்லாருமே சொல்லும் சொல்.

யூதர்களின் சட்ட நூலான மிஷ்னா, ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்டது. அதில் கடன் வழக்கு ஒன்றுக்கான சத்தியம் வருகிறது. தகப்பன் இறந்துவிட்டார், அவர் கொடுத்த கடனை வாரிசுகள் வசூலிக்க வருகிறார்கள். அப்போது அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும்: இந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை, அப்பாவின் பத்திரங்களுக்குள்ளும் அப்படி எதையும் நாங்கள் பார்க்கவில்லை என்று. அங்கே இருக்கும் சொல் ‘அப்பா’தான். நீதிபதியின் முன் நின்று, சொத்துக்கும் கடனுக்கும் பொறுப்பேற்கும் வளர்ந்த பிள்ளைகள் சொல்லும் சொல் அது. பட்டு வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கல் பார்த்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெரியவர் போன பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “அப்பா இதைப் பத்தி எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்க” என்று மகன்கள் சொல்லும் அதே குரல்.

அதே சொல் மரியாதைப் பட்டமாகவும் இருந்தது. அப்பா சவூல், அப்பா ஹில்கியா என்று ஆசான்களின் பெயருக்கு முன்னால் வரும். மழைக்காக ஜெபிக்கும் ஹனான் என்ற பெரியவரைப் பற்றி தல்மூது என்ற யூத நூலில் ஒரு கதை உண்டு. மழை பொய்த்தால் பள்ளிப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவார்கள். அவர்கள் அவருடைய அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, “அப்பா, அப்பா, மழை தா” என்று கேட்பார்கள். அவர் கடவுளைப் பார்த்து, மழை தரும் அப்பாவுக்கும் தர முடியாத அப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத இந்தப் பிள்ளைகளுக்காகவாவது கொடும் என்று வேண்டுவார். பிள்ளைகளும் சொல்கிறார்கள், பெரியவரும் அதே சொல்லை எடுத்துக் கடவுளைச் சுட்டுகிறார். கமண்டல நாகநதி மணலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேண்டுதலின் கனம் புரியும். அந்தச் சொல் குழந்தைக்கும் உரியது, கிழவருக்கும் உரியது என்பதும் புரியும்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று கலாத்தியர் நான்காம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து வாசிக்காமல், அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். வாரிசாக இருக்கிறவன் சிறுபிள்ளையாக இருக்கும்வரை அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசம் இல்லை என்று தொடங்குகிறார் பவுல். சொத்து முழுவதும் அவனுடையதுதான். ஆனால் காரியக்காரர்களின் கையில் அவன் அடங்கியிருக்கிறான். தகப்பன் குறித்த நாள் வரும்வரை அப்படி. அந்த நாள் வந்துவிட்டது, நீங்கள் இனி அடிமைகள் அல்ல, பிள்ளைகள், வாரிசுகள் என்கிறார். அந்த இடத்தில்தான் ‘அப்பா’ என்ற கூப்பாடு எழுகிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்திலும் இதே வரிசை: அடிமையின் பயம் போயிற்று, புத்திர சுவிகாரம் வந்தது, அப்பா என்று கூப்பிடுகிறோம், வாரிசாகிறோம். ரோமர்களிடையே சுவிகாரம் என்பது பெரும்பாலும் குலத்துக்கு வாரிசு வேண்டி வளர்ந்த ஆண்மகனை எடுத்துக்கொள்வது. ஆக, பவுலின் வாதத்தில் ‘அப்பா’ என்பது குழந்தைப் பருவம் முடிந்தவனின் சொல். உரிமை பெற்றவனின் சொல். அதை மழலையாக்கினால் அவர் கட்டிய வாதமே இடிந்துவிடும்.

“அப்ப டாடின்னு சொன்னா தப்பா சார்? பாசமா கூப்பிடறதுதானே?”

பாசம் தப்பில்லை. பாசம் மட்டும்தான் இருக்கிறது என்பதுதான் தப்பு. உன் தறி வீட்டையே எடுத்துக்கொள்ளேன் என்றேன். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. தனித்தறி போட்டு நெய்கிறார். பக்கத்துக் குழித்தறியில் அவருடைய தகப்பனார் இன்னும் நெய்கிறார். பாவில் இழை அறுந்தால் “அப்பா, கொஞ்சம் வந்து பாருங்க” என்கிறார். முந்தானைக்கு ஒரு வண்ணம் பிடிக்கவில்லை என்றால் “அப்பா, இது வேணாம்ப்பா” என்று வாதாடுகிறார். கடைசியில் பெரியவர் அதுதான் என்று நின்றுவிட்டால், “சரிப்பா, நீங்க சொல்றபடியே போடலாம்” என்று நாடாவைக் கையில் எடுக்கிறார். மூன்று இடத்திலும் ஒரே சொல். உதவி கேட்பதும் அதில்தான், மறுத்துப் பேசுவதும் அதில்தான், கட்டுப்படுவதும் அதில்தான். கூப்பிடுவதில் நெருக்கம் இருக்கிறது. ‘பாருங்க’, ‘நீங்க’ என்பதில் மரியாதை இருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

கெத்செமனேயில் நடப்பதும் அந்த வரிசைதான். வளர்ந்த மகன். வேலையின் முழுப் பாரமும் தெரிந்தவர். எல்லாம் உம்மால் முடியும் என்று தொடங்குகிறார். இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்கிறார். பிறகு, என் விருப்பப்படி வேண்டாம், உம்முடைய விருப்பப்படியே ஆகட்டும் என்று அடங்குகிறார். கேட்கும் உரிமையும் கீழ்ப்படியும் மனமும் ஒரே விளியில் இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். ‘அப்பா’ என்று அழைத்த கையோடு ‘உம்மால்’ என்று மரியாதை வடிவத்தைப் போட்டார்கள். மழலை என்று நினைத்திருந்தால் ‘உன்னால்’ என்றல்லவா வந்திருக்கும்.

கடவுளை அப்படி அழைப்பது தமிழ் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. உப்பிலியப்பன், அம்மையப்பன், ஐயப்பன் என்று கோயில்களில் நாம் சொல்லும் பெயர்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வயதில் மிகச் சிறியவரான சம்பந்தர், முதியவரான திருநாவுக்கரசரை ‘அப்பரே’ என்று அழைத்தார். அந்த அழைப்பே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. அன்பும் வணக்கமும் கலந்த அழைப்பு அது. அதை மழலை என்று எவரும் சொன்னதில்லை. அரமேயத்திலும் ‘அப்பா’ ஆட்பெயராக வழங்கியது. எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் ‘நான் அப்பா, ஆசாரியனான எலெயாசாரின் மகன்’ என்ற பொருளில் அரமேய மொழிப் பொறிப்பு கிடைத்திருக்கிறது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற பரபாஸின் பெயரும் இதே சொல்தான்: ‘பர்’ என்றால் மகன், ‘அப்பா’ என்றால் தகப்பன். அவனுக்கும் இயேசு என்றே இயற்பெயர் இருந்ததாக மத்தேயுவின் சில பழைய கைப்பிரதிகள் சொல்கின்றன. தகப்பனின் மகன் என்ற பெயர் கொண்டவன் வெளியே போக, கடவுளை அப்பா என்று அழைத்தவர் உள்ளே நின்றார். நற்செய்தியை அரமேயம் தெரிந்து வாசித்தவர்களுக்கு அந்த இடம் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நண்பரின் டீ முடிந்துவிட்டது. அவர் கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்வி. “எங்க பக்கம் பாதி வீட்ல நைனான்னு கூப்பிடறாங்களே. அவங்க எப்படி சார் படிக்கறது?” வீட்டில் நைனா என்று கூப்பிடுகிறவர்கள் அதை மனதில் வைத்தே படிக்கலாம். அத்தா, வாப்பா என்கிறவர்களும் அப்படியே. மீசை முளைத்த பிறகும், தலை நரைத்த பிறகும், தகப்பனை அழைக்க எந்தச் சொல்லை நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லையோ, அதுதான் அந்த அரமேயச் சொல்லுக்குச் சரியான தமிழ்.

பிரசங்கம் செய்கிறவர்களுக்கும் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்த வசனத்தை விளக்கும்போது ‘டாடி’யைக் கொண்டுவர வேண்டாம். அது ஆங்கிலத்தில் ஃபாதர் என்ற விறைப்பான சொல்லுக்கும் வீட்டுப் பேச்சுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தைத் தாண்ட ஆங்கிலம் பேசுகிறவர்கள் போட்டுக்கொண்ட பலகை. நம் மொழியில் அந்தப் பள்ளமே இல்லை. அப்பா என்ற சொல்லும் தமிழிலிருந்து போனதாகவோ அங்கிருந்து வந்ததாகவோ சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பவும் வேண்டாம். கலாத்தியர் நான்காம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு, வளர்ந்த பிள்ளை தன் தகப்பனைக் கூப்பிடும் அழைப்பு இது என்று சொல்லுங்கள். அது போதும்.